ஆர்.வி. பார்க்குகளில் அப்பாவோடு: அரிசோனா நாட்குறிப்பு

அக்டோபர் 19, சனி – ஃபீனிக்ஸ்

டல்லாஸிலிருந்து பறந்து வந்து, வாடகை ஆர்.வி., அதாவது உள்ளேயே சமைத்துத் தூங்கும் வீட்டு வண்டி, கைக்குக் கிடைக்கும்போது மதியம் இரண்டு மணி. 25 அடி நீளம், ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு படுக்கை, பின்னால் ஒரு படுக்கை, நடுவில் சமையல் மேடை, ஓரமாகக் கழிப்பறை. வண்டியைச் சுற்றிக் காட்டிய பையனிடம் அம்மா அடுப்பைப் பற்றிக் கேட்டார், என் கணவர் பின்பக்கக் கேமராவைப் பற்றிக் கேட்டார். அப்பா யாரிடமும் எதுவும் கேட்காமல் வண்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, உள்ளே சுருட்டி வைத்திருந்த தடித்த மின்கேபிளை வெளியே இழுத்துப் பார்த்தார். மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரிலிருந்து வரும்போதே பெட்டியில் வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"முப்பது ஆம்பியர், நூத்திருபது வோல்ட். மொத்தமே மூவாயிரத்து அறுநூறு வாட்தாம்மா" என்றார். அப்புறம் ஒரு தாளில் ஏசி, மைக்ரோவேவ், தண்ணீர்ச் சூடேற்றி, நாங்கள் கொண்டுவந்த ரைஸ் குக்கர் எல்லாவற்றின் வாட்டையும் எழுதி, எதோடு எதைப் போடக்கூடாது என்று கணக்குப் போட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினார். பயணம் முழுக்க ஒரு தடவைகூட வண்டிக்குள் பிரேக்கர் விழவில்லை என்றால் அந்தத் தாள்தான் காரணம்.

முதல் இரவுக்கு ஃபீனிக்ஸ் புறநகரிலேயே ஒரு பெரிய ஆர்.வி. பார்க்கில், அதாவது இப்படிப்பட்ட வண்டிகளை நிறுத்தித் தங்கும் இடத்தில், இடம் பிடித்திருந்தோம். மினசோட்டா, டகோட்டா, கனடா என்று பனி கொட்டும் இடங்களிலிருந்து குளிர்காலத்துக்கு இங்கே இறங்கி வரும் ஓய்வுபெற்றவர்களை நம்பித்தான் இந்தப் பகுதியில் பார்க்குகள் நடக்கின்றன. பல இடங்களில் 55 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இடமே இல்லை. பத்து வருடத்துக்கு மேல் பழைய வண்டியாக இருந்தால், முன்பக்கமும் பக்கவாட்டும் தெரிகிற மாதிரி படம் அனுப்பச் சொல்லி, பார்த்த பிறகுதான் சரி என்கிறார்கள்.

நாங்கள் போன இடத்தில் ஓர் இரவுக்கு 94 டாலர். ஈச்ச மர வரிசை, நீச்சல் குளம், வெந்நீர்த் தொட்டி, இரவிலும் விளக்கெரியும் பிக்கிள்பால் மைதானம். ஒவ்வொரு வண்டி நிற்குமிடத்திலும் முழங்கால் உயரத்துக்கு ஒரு மின்பெட்டி. அதில் 20, 30, 50 ஆம்ப் சாக்கெட்டுகள். பக்கத்தில் ஒரு குடிநீர்க் குழாய், தரையோடு தரையாக மூடி போட்ட கழிவுநீர்க் குழாய் வாய். மூன்றும் சேர்ந்திருந்தால் முழு ஹூக்கப். இந்த மூன்றுக்கும் வண்டியை நிறுத்தும் தரைக்கும்தான் நாம் பணம் கொடுக்கிறோம். மற்றதெல்லாம் மேலே தூவுகிற முந்திரி.

வெளியே 36 டிகிரி. சாயங்காலம் ஆறரை இருக்கும், ஏசி ஒரு மாதிரி முனக ஆரம்பித்தது. அப்பா உடனே அதை அணைத்துவிட்டு மின்பெட்டியில் மீட்டரை வைத்துப் பார்த்தார். 103 வோல்ட். பத்து சதவீதம் குறைந்து 108 வரை இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அதற்குக் கீழே போனால் கம்ப்ரஸர் அதிகக் கரண்ட் இழுத்துச் சூடாகி ஒருநாள் எரிந்துபோகும் என்றார். அலுவலகத்துக்கு அழைத்தோம். பதிவு செய்த குரல். அவசர எண்ணுக்கு அழைத்தோம். எடுத்தவர் "உங்கள் வண்டியில்தான் கோளாறு இருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பக்கத்து வண்டிக்காரர் மினசோட்டாவிலிருந்து வந்தவர். அவர் வண்டிக்கும் மின்பெட்டிக்கும் நடுவில் ஒரு காப்புக் கருவி தொங்கியது. வோல்டேஜ் குறைந்தால் தானே இணைப்பைத் துண்டித்துவிடும். தினமும் ஐந்திலிருந்து ஒன்பது வரை இப்படித்தான் என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் ஒரு சின்ன மேசை விசிறியைக் கொண்டுவந்து எங்கள் படியில் வைத்தார். காலையில் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றார். முன்பின் தெரியாதவர். அந்த விசிறி இல்லையென்றால் அம்மா தூங்கியிருக்க மாட்டார்.

இரவு பத்து மணிக்கு அப்பா பார்க்கின் ஓரத்தில் இருந்த டிரான்ஸ்ஃபார்மர் வரை நடந்துவிட்டு வந்தார். "லோடு தாங்கல. முதல்ல போட்ட கேபிளையே வச்சிக்கிட்டு வண்டி நிக்கிற இடத்தை மட்டும் கூட்டிக்கிட்டே போயிருக்காங்க" என்றார். மைதான விளக்குகள் விடிய விடிய எரிந்தன.

அக்டோபர் 20, ஞாயிறு – கிராண்ட் கேன்யன்

ஃபீனிக்ஸ் சுமார் 1,100 அடி உயரத்தில் இருக்கிறது, ஃபிளாக்ஸ்டாஃப் 7,000 அடி. 17ஆம் எண் நெடுஞ்சாலையில் அந்த உயரத்தை இரண்டரை மணி நேரத்தில் ஏறுகிறோம். ஏற்றங்களில் கணவர் ஏசியை நிறுத்திவிட்டு வலது ஓரமாகவே ஊர்ந்தார். கள்ளிச்செடிகள் மறைந்து புதர்களாகி, அப்புறம் பைன் மரங்கள் வந்தன. ஒரு கேலனுக்கு ஒன்பது மைல்தான் கொடுத்தது வண்டி.

பள்ளத்தாக்கின் தென் விளிம்பில் மேதர் கேம்ப்கிரவுண்ட், வண்டியிலோ கூடாரத்திலோ தங்கும் முகாம். இங்கே ஹூக்கப் கிடையாது. மின்சாரமும் இல்லை, தண்ணீர் இணைப்பும் இல்லை. வண்டியில் இருக்கிற தொட்டியும் பேட்டரியும்தான். முழு ஹூக்கப் வேண்டும் என்றால் பக்கத்திலேயே டிரெய்லர் வில்லேஜ் இருக்கிறது, எங்களுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. ஜெனரேட்டரைக் காலையிலும் மாலையிலும் குறிப்பிட்ட நேரம் மட்டும் ஓட்டலாம். பைன் லூப் என்ற பகுதியில் அதுவும் கூடாது.

பள்ளத்தாக்கைப் பற்றி எழுதியவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் தண்ணீரைப் பற்றி எழுதுகிறேன். தென் விளிம்பில் குடிக்கும் ஒவ்வொரு சொட்டும் எதிர்ப்பக்கச் சரிவில், வட விளிம்புக்குக் கீழே இருக்கும் ரோரிங் ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்றிலிருந்து வருகிறது. பன்னிரண்டரை மைல் குழாய். பள்ளத்துக்குள் தானாக இறங்கி ஓடி, ஹவசுபாய் கார்டன்ஸ் என்ற இடத்திலிருந்து பம்பு வைத்து இந்தப் பக்கம் மேலேற்றுகிறார்கள். 1960களில் போட ஆரம்பித்த குழாய் அது. 2010க்குப் பிறகு மட்டும் 85 தடவைக்கு மேல் பெரிய உடைப்பு. 2024 ஆகஸ்ட் கடைசியில் அடுத்தடுத்து உடைந்து, தென் விளிம்பில் இருந்த விடுதிகளையெல்லாம் சில நாள் மூடிவிட்டார்கள். மேதரில் குழாய்களை அடைத்துவிட்டு, தண்ணீர் கொண்டுவந்தவர்கள் மட்டும் தங்கலாம் என்றார்கள். இப்போது 20 கோடி டாலருக்கு மேல் செலவில் புதுக் குழாய் வேலை நடக்கிறது. இதைத் தகவல் பலகையில் படித்துவிட்டு அம்மா பாத்திரம் கழுவுகிற தண்ணீரைப் பாதியாகக் குறைத்துவிட்டார்.

எல்க் மான்கள் வண்டிகளுக்கு நடுவில் சாவகாசமாக நடமாடுகின்றன. ஒரு குதிரை அளவு. தண்ணீர்க் குழாயைத் திறக்கவே பழகிக்கொண்ட எல்க்குகள் இங்கே உண்டு என்பதால் நீர் பிடிக்கும் இடங்களில் தடுப்பு வைத்திருக்கிறார்கள். சூரியன் மறையும்போது விளிம்பில் நின்று புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டோம். காற்று கையை மரத்துப்போக வைத்தது.

அக்டோபர் 21, திங்கள் – கிராண்ட் கேன்யன்

விடிகாலை நான்கு மணிக்கு ஹீட்டர் நின்றுவிட்டது. எரிவாயு இருக்கிறது, ஆனால் சூட்டை வண்டிக்குள் தள்ளுகிற விசிறி பேட்டரியில் ஓடுகிறது. வாடகை வண்டியின் பேட்டரி பழையது, இரவு முழுக்கத் தாங்கவில்லை. வெளியே மைனஸ் 2. இருக்கிற போர்வையையெல்லாம் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் போர்த்திவிட்டு, ஜெனரேட்டர் போடலாம் என்ற நேரம் வரும்வரை உட்கார்ந்திருந்தோம். எதிர்ப்பக்கம் கூடாரம் போட்டிருந்த டெக்சஸ் தம்பதி, எங்கள் விளக்கு மங்கலாக எரிவதைப் பார்த்துவிட்டு ஒரு பெரிய குடுவையில் வெந்நீரும் இரண்டு கம்பளிகளும் கொண்டுவந்தார்கள். காபியா டீயா என்று கேட்கவில்லை. எங்களுக்குப் பழக்கமானதை நாங்களே போட்டுக்கொள்ளட்டும் என்று வெறும் வெந்நீராகக் கொடுத்தார்கள். அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது.

கிளம்புவதற்கு முன் கழிவுத் தொட்டிகளைக் காலி செய்ய வேண்டும். வண்டிக்கு இரண்டு தொட்டிகள். கழிப்பறைக் கழிவு ஒன்றில், குளியல், பாத்திரத் தண்ணீர் மற்றொன்றில். முதலில் கழிப்பறைத் தொட்டியைத் திறந்து முழுக்க விட்டுவிட்டு, அப்புறம் சோப்புத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் அந்தத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். மாற்றிச் செய்தால் குழாயெல்லாம் அசிங்கம். தொட்டிகளைக் காலி செய்யும் டம்ப் ஸ்டேஷனில் எங்களுக்கு முன்னால் நான்கு வண்டிகள். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. முடித்தவர் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டுத்தான் கையுறையைக் கழற்றினார், அடுத்தவர் காத்திருக்கக் கூடாது என்பதற்காக.

அங்கே இரண்டு குழாய்கள். ஒன்று குடிநீர், இன்னொன்று கழிவுக் குழாயைக் கழுவ. யாராவது கழிவுக் குழாயின் முனையைக் குடிநீர்க் குழாயில் வைத்துவிட்டால் அடுத்து வந்து நிரப்புகிறவர் குடும்பத்துக்கே நோய். அதனால் வரிசை நீளும் நேரத்தில் கேம்ப் ஹோஸ்ட் ஒருவர் வந்து நின்றுகொள்கிறார். எழுபது வயதுப் பெண்மணி. பல கேம்ப்கிரவுண்டுகளில் ஹோஸ்ட்கள் சம்பளக்காரர்கள் இல்லை. வாரத்துக்கு இத்தனை மணி நேரம் வேலை செய்தால் தங்கள் வண்டிக்கு இடம் இலவசம். கழிப்பறை சுத்தம், நெருப்புக் குழியில் சாம்பல் அள்ளுவது, இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் போடுகிறவர்களிடம் போய்ப் பேசுவது, எல்லாம் அவர்கள் பொறுப்பு. இந்த வேலையைச் செய்கிறவர்களுக்கு ஒரு வணக்கமாவது சொல்லிவிட்டுப் போகலாம். நான்கு வண்டிகளில் ஒருவர்தான் சொன்னார்.

அக்டோபர் 22, செவ்வாய் – மான்யுமென்ட் வேலி

கேமரன் வழியாக ட்யூபா சிட்டி, கயென்டா. சாலையோரக் கடையில் நவஹோ டாக்கோ சாப்பிட்டோம். எண்ணெயில் பொரித்த உப்பிய ரொட்டி மேல் பீன்ஸ், கீரை, தக்காளி, சீஸ். 14 டாலர், ஒன்றை இரண்டு பேர் சாப்பிடலாம். அம்மா பூரி மாதிரி இருக்கிறது என்று சொல்லி, ரொட்டியை மட்டும் தனியாக இன்னொன்று வாங்கி, கொண்டுவந்த தக்காளித் தொக்கோடு சாப்பிட்டார். கடைக்காரப் பெண் அந்தத் தொக்கைக் கேட்டு வாங்கி ருசி பார்த்தார். இன்னும் கொஞ்சம் கேட்டார்.

பார்க் அலுவலகம் ஆறு மணிக்கு மூடும் என்று போட்டிருந்தது. ஐந்தேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம், கதவு பூட்டியிருந்தது. அங்கே மணி ஆறேகால். அரிசோனா மாநிலம் கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை மாற்றுவதில்லை, ஆனால் அதற்குள் இருக்கும் நவஹோ தேசம், அதாவது நவஹோ பழங்குடி மக்களின் தன்னாட்சிப் பகுதி, மாற்றுகிறது. மார்ச்சிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை, எல்லைக்குள் நுழைந்தவுடனே ஒரு மணி நேரம் கூடிவிடும். கைபேசிகளும் குழம்பிப்போய் ஒன்று ஒரு நேரம், மற்றொன்று வேறு நேரம் காட்டின.

நல்லவேளை, பார்க் நடத்துகிறவர்கள் இதையெல்லாம் எத்தனையோ பார்த்தவர்கள். கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை, அதில் தாமதமாக வருகிறவர்களின் பெயர் எழுதிய உறைகள். எங்கள் உறைக்குள் வரைபடம். நுழைவாயிலிலிருந்து எங்கள் இடம் வரை மஞ்சள் பேனாவால் கோடு. குளியலறைக் கதவின் எண், இரவு உதவி தேவைப்பட்டால் யாருடைய வண்டியைத் தட்ட வேண்டும் என்ற குறிப்பு. 68 டாலர் கட்டிய இடத்தில், ஆளே இல்லாத நேரத்தில் கிடைத்த வரவேற்பு இது. முதல் நாள் 94 டாலர் கட்டிய இடத்தில் ஆள் இருந்தும் இது கிடைக்கவில்லை.

இரவு காற்று அடிக்க ஆரம்பித்தது. பக்கத்து வண்டியிலிருந்து ஓர் இளைஞர் ஓடிவந்து, வெளியே விரித்திருந்த எங்கள் நிழல்திரையை உடனே சுருட்டச் சொன்னார். சொல்லிவிட்டுப் போகாமல் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்து நிமிடத்தில் செம்மண் புழுதி கண்ணை மறைத்தது. தூரத்தில் ஒரு வண்டியின் திரை கிழிந்து படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

இங்கே கழிவுநீர் செப்டிக் டேங்குக்குப் போகிறது. ஃபார்மால்டிஹைட் கலந்த தொட்டி மருந்துகளைப் போடாதீர்கள் என்று கழிப்பறைக் கதவில் எழுதியிருந்தார்கள். நாற்றம் வராமல் இருக்க ஆர்.வி.காரர்கள் தொட்டியில் ஒரு நீல மருந்து ஊற்றுவார்கள். சில மருந்துகள் கிருமிகளைக் கொன்றுவிடும். ஆனால் செப்டிக் டேங்க் வேலை செய்வதே அந்தக் கிருமிகளால்தான். வீட்டில் நிறையத் தண்ணீர் ஊற்றுகிறோம், ஆர்.வி.யில் அளந்து ஊற்றுகிறோம். அதனால் இந்தக் கழிவு வீட்டுக் கழிவைவிடக் கெட்டியானது. ஐம்பது வண்டிகளின் மருந்து ஒரே தொட்டிக்குள் போனால் என்ன ஆகும்? மண்ணுக்குள் நீர் இறங்க வேண்டிய இடமே அடைத்துக்கொள்ளும். கடையில் மருந்து வாங்கும்போது புட்டியின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

அக்டோபர் 23, புதன் – வில்லியம்ஸ்

காலையில் பாறைக் கோபுரங்களின் மேல் வெயில் விழுவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பி, ஃபிளாக்ஸ்டாஃப் தாண்டி வில்லியம்ஸ் வந்து சேர்ந்தோம். ஒரு மணி நேரம் திரும்பக் கிடைத்தது.

வழியில் 40ஆம் எண் நெடுஞ்சாலையில் கே.ஓ.ஏ. (கேம்ப்கிரவுண்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா) என்ற நிறுவனத்தின் மஞ்சள் பலகைகளைப் பார்க்கலாம். இந்தத் தொழிலுக்கு ஒரு வடிவம் கொடுத்தவர்கள் அவர்கள். 1962இல் சியாட்டில் உலகக் கண்காட்சிக்கு காரில் போன குடும்பங்கள், மொன்டானா மாநிலம் பில்லிங்ஸில் தங்க இடமில்லாமல் நின்றன. டேவ் டிரம் என்பவர் யெல்லோஸ்டோன் ஆற்றோரம் தனக்கிருந்த நிலத்தில் சாப்பாட்டு மேசை, நெருப்புக் குழி, வெந்நீர்க் குளியலறை, சின்னக் கடை வைத்துக்கொடுத்தார். ஓர் இரவுக்கு ஒன்றே முக்கால் டாலர். வெந்நீரும் சுத்தமான கழிப்பறையும் இருந்தால் ஜனங்கள் வருவார்கள் என்று அன்றைக்குப் புரிந்ததுதான் இன்றைக்கும் இந்தத் தொழிலின் அடித்தளம்.

நாங்கள் தங்கியது அப்படிப்பட்ட பெரிய பெயர் எதுவும் இல்லாத இடம். ஒரு தம்பதி நடத்துகிறார்கள். 38 வண்டிகள் நிற்கலாம், ஓர் இரவுக்கு 52 டாலர். நீச்சல் குளம் கிடையாது. பக்கத்தில் சரக்கு ரயில் போகிறது, இரவிலும் போகிறது. வந்து நின்ற ஐந்தாவது நிமிடம் உரிமையாளர் நடந்து வந்தார். முப்பது வருடம் பிளம்பராக இருந்தவர். "ராத்திரி மைனஸ் நாலு வரை போகும். வண்டியின் தொட்டியை நிரப்பிக்கொண்டு, குழாயைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். உறைந்தால் உங்கள் ரப்பர் குழாயும் போச்சு, என் குழாயும் போச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். ஒவ்வொரு வண்டிக்கும் போய் இதைச் சொன்னார். நிலத்துக்கு மேலே தெரிகிற குழாய்க்கெல்லாம் சூடேற்றும் நாடா சுற்றி, அதன் மேல் பஞ்சுறை மாட்டியிருந்தார்.

இரவு எட்டு மணிக்கு அப்பா வழக்கம்போல மீட்டரை வைத்தார். 107. எங்கள் வரிசையில் எல்லா வண்டியிலும் மின்சார ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

அக்டோபர் 24, வியாழன் – வில்லியம்ஸ்

அம்மா துணி துவைக்கப் போனார். இயந்திரத்துக்கு மூன்று டாலர், கால் டாலர் நாணயமாகத்தான் போட வேண்டும். உரிமையாளரின் மனைவி நாணயம் மாற்றிக் கொடுத்துவிட்டு, அம்மாவுக்கு இயந்திரம் ஓட்டக் கற்றுக் கொடுத்தார். குளியலறையை ஒரு நாளைக்கு மூன்று தடவை கழுவுகிறாராம். அங்கே முடியோ ஈரமோ கிடந்தால் மலை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஜனங்கள் திரும்பி வரமாட்டார்கள் என்றார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா "ரொம்ப சரி" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்பா காலையிலேயே அலுவலகத்துக்குப் போய், காலியாக இருக்கும் இடங்களின் மின்பெட்டியில் வோல்டேஜ் பார்க்கலாமா என்று அனுமதி கேட்டார். உரிமையாளர் யோசிக்கக்கூட இல்லை, நானும் வருகிறேன் என்று தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இரண்டு பேரும் முழுக் காலையும் நடந்தார்கள். அப்பாவின் ஆங்கிலம் வேலைக்கான ஆங்கிலம். அங்கே அது போதுமானதாக இருந்தது. நானும் கூடவே போனேன், அதனால்தான் இதையெல்லாம் எழுத முடிகிறது.

இந்த பார்க் பழைய 66ஆம் எண் சாலையில் போனவர்களுக்காக உண்டானது. 1984 அக்டோபர் 13 அன்று 40ஆம் எண் நெடுஞ்சாலை ஊரைச் சுற்றிக்கொண்டு திறந்தது. 66ஆம் எண் சாலையில் புது நெடுஞ்சாலை இப்படிக் கடைசியாகச் சுற்றிப்போன ஊர் வில்லியம்ஸ்தான். கிராண்ட் கேன்யனுக்குப் போகும் பயணி ரயில் 1968லேயே நின்றிருந்தது. 1989இல் அந்த ரயில் மறுபடி ஓட ஆரம்பித்த பிறகுதான் ஊருக்கு மூச்சு வந்தது என்கிறார் உரிமையாளர். 2014இல் ஊர் நீர்த்தேக்கங்கள் வற்றிக் கடும் கட்டுப்பாடு வந்தபோது, வண்டி கழுவக்கூடாது என்று ஒவ்வொரு குழாயிலும் தன் கையால் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்.

ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை ஓர் இரவு, இரண்டு இரவு தங்குகிறவர்கள். அதில்தான் லாபம். நவம்பர் வந்தால் பாதி இடத்தை மூடி, குழாய்களில் காற்றடித்துத் தண்ணீரை வெளியேற்றிவிடுகிறார். மிச்ச இடத்தில் மாத வாடகைக்காரர்கள். ரயில்வே வேலைக்கு வந்தவர்கள், கட்டடத் தொழிலாளிகள், ஒப்பந்தத்தில் வந்த நர்ஸ்கள். மாதம் 650 டாலர், மின்சாரம் தனி மீட்டர். ஒரு நாள் தங்குகிறவர்களுக்கு மீட்டர் இல்லை, வாடகைக்குள் அடக்கம். அதனால் குளிர் இரவுகளில் தங்கள் எரிவாயுவை மிச்சம் பிடித்துவிட்டு மின்சார ஹீட்டரை ஓட்டுகிறார்கள். ஒவ்வொன்றும் 1,500 வாட். பழைய வரிசைக்கு இந்த லோடு வரும் என்று அன்றைக்கு யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

மாத வாடகைக்காரர்களில் ஒரு முதியவர் நான்கு வருடமாக இருக்கிறார். வீட்டு வாடகை கட்ட முடியாமல் வண்டிக்கு மாறியவர். அரிசோனாவில் தொடர்ந்து 180 நாளுக்கு மேல் இடத்தை வாடகைக்கு எடுத்தவருக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு உண்டு, நினைத்தவுடன் வெளியேற்ற முடியாது. அதற்குப் பயந்து பார்க் நடத்துகிற சிலர் அந்தக் கெடுவுக்கு முன்பே ஆளைக் கிளப்பிவிடுகிறார்களாம். இந்த உரிமையாளர் அப்படிச் செய்யவில்லை. "அவர் எங்கே போவார்?" என்று மட்டும் சொன்னார். விடுமுறைக்கு வருகிற எங்களுக்குப் பக்கத்திலேயே, வேறு வீடில்லாமல் ஒருவர் வாழ்கிறார் என்பது பயண விளம்பரங்களில் வருவதில்லை. பார்க் நடத்துகிறவர் நல்லவராக இருப்பதைப் பொறுத்து ஒரு மனிதரின் கூரை நிற்கிறது. அது எனக்கு வருத்தமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

பிளம்பர் என்பதால் கழிவுக் குழாயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்கு நிறுத்த முடியவில்லை. கழிப்பறையில் போடலாம் என்று உறையில் அச்சடித்து விற்கிற ஈரத்துடைப்பான்கள் கரைவதே இல்லை, பாதி அடைப்பு அதனால்தான் வருகிறது. இன்னொன்று, மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் கழிப்பறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்துவிடுவது. நீர் மட்டும் ஓடிப்போய், கெட்டியானது உள்ளே குவிந்து இறுகிவிடும். மூடியே வைத்திருந்து, முக்கால் பங்கு நிறைந்த பிறகு திறந்தால் ஒரே வேகத்தில் போய்விடும்.

2021இல் மட்டும் இந்த நாட்டில் 6 லட்சத்துக்கும் மேல் புது ஆர்.வி.கள் தயாரிப்பாளர்களிடமிருந்து வெளியே போயின, அதுவரை இல்லாத எண்ணிக்கை. வண்டிகள் பெரிதாகிவிட்டன. 40 அடி, இரண்டு ஏசி, பக்கவாட்டில் வெளியே நீளும் அறைகள். 50 ஆம்ப் இணைப்பு என்றால் 240 வோல்ட்டில் 12,000 வாட், எங்களுடையதைப் போல மூன்று மடங்குக்கு மேல். இவருடைய பழைய வரிசையில் 30 ஆம்ப் மட்டும்தான், அதுவும் குறுகிய இடம், பின்னோக்கித்தான் நிறுத்த முடியும். அதை மாற்ற வேண்டும் என்றால் கேபிள், பேனல், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் மாற்ற வேண்டும். கடன் வாங்கலாமா, பார்க்கையே கேட்டு வருகிற பெரிய நிறுவனங்களுக்கு விற்றுவிடலாமா என்று கணவனும் மனைவியும் இரண்டு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்பா பார்த்த வரையில் பழைய வரிசையில் பெரும்பாலான பெட்டிகளில் 107, 108. ஆனால் அதே வரிசையின் கடைசி மூன்று பெட்டிகளில் 124. தன் சட்டைப்பை நோட்டில் படம் வரைந்து காட்டினார். இங்கே வருகிற 240 வோல்ட்டுக்கு இரண்டு லைன், நடுவில் நியூட்ரல். 30 ஆம்ப் பெட்டி ஒவ்வொன்றும் ஒரு லைனிலிருந்துதான் எடுக்கும். ஒன்று விட்டு ஒன்று பிரித்துக் கொடுக்காமல் முக்கால்வாசியை ஒரே லைனில் மாட்டியிருந்தால், அந்தப் பக்கம் இறங்கும், மற்றப் பக்கம் ஏறும். "லோடு அதிகம்னு மட்டும் நினைக்காதீங்க, பிரிச்சதே தப்பா இருக்கலாம். நியூட்ரல் முனை லூஸா இருந்தாலும் இப்படித்தான் காட்டும், அது ஆபத்து. லைசென்ஸ் உள்ள ஆளை வச்சு உடனே பார்க்கச் சொல்லுங்க" என்றார். நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க அவர் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, அந்த நோட்டுப் படத்தையும் கைபேசியில் எடுத்துக்கொண்டு, அங்கேயே நின்று எலக்ட்ரீஷியனுக்கு அழைத்தார்.

மாலை அவருடைய மனைவி ஆப்பிள் பை கொண்டுவந்தார். அம்மா எலுமிச்சைச் சாதமும் அப்பளமும் கொடுத்தார். விறகுக் கட்டு ஒன்பது டாலர் என்று பலகையில் இருந்தது, அன்றைக்கு எங்களிடம் வாங்கவில்லை. விறகை எரிக்கிற இடத்திலேயே வாங்க வேண்டும், வேறு ஊரிலிருந்து கொண்டுவரக் கூடாது. மரத்தைத் தின்னும் பூச்சிகள் விறகோடுதான் மாநிலம் விட்டு மாநிலம் போகின்றன.

அக்டோபர் 25, வெள்ளி – ஃபீனிக்ஸ்

இறக்கம். கணவர் கீழ் கியரிலேயே கொண்டுவந்தார். தொட்டிகளைக் காலி செய்யாமல் வண்டியை ஒப்படைத்தால் தனிக் கட்டணம் என்பதால், கிளம்பும் முன் வில்லியம்ஸிலேயே காலி செய்துவிட்டோம். எரிவாயு நிரப்ப 31 டாலர். பழைய பேட்டரியைப் பற்றி எழுதிக் கொடுத்தோம், வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

இதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது வில்லியம்ஸிலிருந்து செய்தி வந்தது. எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டாராம். பழைய வரிசையில் பன்னிரண்டு பெட்டிகளில் ஒன்பது ஒரே லைனில் இருந்திருக்கின்றன. ஆறு ஆறாகப் பிரித்துவிட்டார், நியூட்ரல் முனையையும் முறுக்கிவிட்டார். நேற்று இரவு எல்லா ஹீட்டரும் ஓடும்போது 116, 117. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "ரெண்டு லைன்லயும் எத்தனை ஆம்பியர் போகுதுன்னு கேளும்மா, டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை கே.வி.ஏ.ன்னும் கேளு" என்றார். கேட்டு அனுப்பியிருக்கிறேன்.